ஓடுகிற நிரலை ஏன் தொட வேண்டும்?

(காசிமேட்டில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அந்தக் கணினி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய், சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும் என்ற நிலையில் அலமாரி மேல் கிடக்கிறது. அதன் பிராசஸர் கெட்டுப்போகவில்லை. திரையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தக் காலத்துச் சில்லுகளை ஏற்பதில்லை. இனி அந்தக் கணினி உருப்படியாக ஓட வேண்டுமானால் லினக்ஸில்தான் ஓட வேண்டும். லினக்ஸில் அதன் திரை ஒழுங்காகத் தெரியுமா என்பதைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் டிரைவர் என்னும் நிரல். அந்த நிரலில் பிழை நீக்குவது பற்றியும், அதைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். இந்த இரண்டும் ஒரே வேலை என்பதும், துப்புரவு செய்யாத நிரலை அதை உருவாக்கிய நிறுவனத்தைத் தவிர வேறு யாராலும் பழுதுபார்க்க முடியாது என்பதும், அந்த நிறுவனத்துக்கு அக்கறை போன அன்றே ஏழை வீட்டுக் கணினி செத்துவிடுகிறது என்பதும்தான் என் வாதம்.

டிரைவர் செய்கிற வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். லினக்ஸில் அது இரண்டு பாகமாக இருக்கிறது. ஒரு பாகம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கிறது. டி.ஆர்.எம். என்று அந்தப் பகுதிக்குப் பெயர். எந்தத் திரை செருகப்பட்டிருக்கிறது, அதற்கு எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வேண்டும், கிராபிக்ஸ் சில்லுக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் கவனிக்கிறது. இன்னொரு பாகம் மேசா. பிரையன் பால் என்பவர் 1993-இல் தனியாளாகத் தொடங்கி 1995-இல் வெளியிட்ட நிரல் அது. விளையாட்டோ பிரவுசரோ ‘இப்படி ஒரு படம் வரை’ என்று பொதுமொழியில் சொல்வதைக் குறிப்பிட்ட சில்லுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றிக் கொடுக்கிறது. சாதாரணச் செயலியில் பிழை வந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கிற டிரைவரில் பிழை வந்தால் மொத்தக் கணினியும் உறைந்துபோகலாம். மவுஸ் நகராது, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒரு பிழையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வகுப்பறையில் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் செருகுகிறார்கள். செருகியவுடன் டிரைவருக்குத் தகவல் வருகிறது. டிரைவர் ஒரு பூட்டைப் போடுகிறது. இது நிரலுக்குள் இருக்கிற பூட்டு; ஒரே நேரத்தில் இரண்டு பேர் திரை அமைப்பை மாற்றிவிடாமல் காப்பது அதன் வேலை. பிறகு புரொஜெக்டரிடம் ‘உன் அளவு என்ன’ என்று கேட்கிறது. கேபிள் பழசு, பதில் அரைகுறையாக வருகிறது. நிரலில் அந்த இடத்தில் ‘பதில் சரியில்லை என்றால் திரும்பிப் போ’ என்று எழுதியிருக்கிறது. திரும்புவதற்கு முன் பூட்டைத் திற என்று எழுத மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்து யார் அந்தப் பூட்டைக் கேட்டாலும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பயன்படுத்துகிறவர் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்கிறார். இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். ஆனால் இதே மறதி ஐம்பது டிரைவர்களில் ஐம்பது இடத்தில் இருக்கலாம், நாளைக்கு எழுதப்போகிற ஐம்பத்தோராவது டிரைவரிலும் வரலாம். எனவே கெர்னல்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சாதனம் போகும்போது அதற்காக ஒதுக்கிய வளங்களும் தாமாகவே விடுவிக்கப்படுகிற ஏற்பாட்டை டி.ஆர்.எம். பகுதிக்குள் 2020-இல் கொண்டுவந்தார்கள். ஒரு செயற்கூற்றை விட்டு எந்த வழியாக வெளியேறினாலும் பூட்டு தானாகத் திறந்துகொள்கிற வசதி 2023-இல் கெர்னல் முழுவதற்கும் வந்தது. பழைய நிரலையெல்லாம் ஒவ்வொன்றாக இந்த முறைக்கு மாற்றுவதைத்தான் துப்புரவு என்கிறோம். ஒரு வரித் திருத்தம் ஒரு பிழையை மூடுகிறது. துப்புரவோ அந்த வகைப் பிழை மறுபடி முளைக்கும் இடத்தையே எடுத்துவிடுகிறது.

இதற்கு நேரம் ஒதுக்குவது வீண்செலவு என்று காசிமேட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்பதற்காகப் போட்ட தடை அது. ஆனால் விசைப்படகு வைத்திருப்பவர்கள் அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கை அடைத்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கெர்னலுக்கும் அப்படி ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் முதல் இரண்டு வாரம் மட்டுமே புதிய மாற்றங்களைச் சேர்ப்பார்கள். அதன்பின் ஏழெட்டு வாரம் பிழை நீக்கத்துக்கு மட்டும். அந்த வாரங்களில் எவ்வளவு பெரிய நிறுவனம் புதிய வசதியைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கச் சொல்வார்கள்.

இப்போது என் வாதத்துக்கு முதன்மையான சான்றுக்கு வருகிறேன். 2016-இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்காகத் திரை தொடர்பான நிரலை லினக்ஸுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் வரிகள். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே நிரலை வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று நினைத்து, லினக்ஸின் பொது ஏற்பாடுகளைத் தொடாமல் நடுவில் தனக்கென ஓர் அடுக்கைக் கட்டியிருந்தார்கள். நிறுவனத்தின் கணக்கில் அது நியாயம்தான். டி.ஆர்.எம். பகுதியின் பொறுப்பாளர் டேவ் ஏர்லி 2016 டிசம்பரில் அதை அந்த உருவத்தில் சேர்க்க முடியாது என்று மறுத்தார். அந்த நிரல் வேலை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. வேலை செய்யத்தான் செய்தது. பொதுப்பகுதியை மேம்படுத்துகிற மற்றவர்களால் அந்த நடு அடுக்குக்குள் நுழைந்து மாற்றம் செய்ய முடியாது, அதை ஏ.எம்.டி.காரர்கள் மட்டுமே பராமரிக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. அதற்குப் பிறகு ஓராண்டு அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அமர்ந்து அதைப் பிரித்து, பொது ஏற்பாட்டோடு இணைத்து, தேவையற்றதை வெட்டிக் குறைத்தார்கள். 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15-இல் அது சேர்ந்தது. சேர்ந்த பிறகும் ‘இன்னும் செய்ய வேண்டியவை’ என்று ஒரு கோப்பை அதே அடைவில் வைத்திருந்தார்கள்.

இதற்கு விலை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 2017-இல் ஏ.எம்.டி.யின் வேகா கார்டு வாங்கியவர்கள், பொதுக் கெர்னலைப் போட்டால் திரையில் படமே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் கோபப்பட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின் பலன் எப்போது தெரிந்தது பாருங்கள். 2012-இல் வெளியான ஏ.எம்.டி.யின் பழைய ரேடியான் சில்லுகள் வெகுகாலம் பழைய டிரைவரிலேயே ஓடிக்கொண்டிருந்தன. புதிய டிரைவருக்கு மாற்ற முடியாமல் இருந்ததற்கு ஒரு காரணம், இந்தத் திரை நிரலுக்கு விஜிஏ போன்ற பழைய அனலாக் இணைப்புகள் தெரியாமல் இருந்ததுதான். நம் பள்ளிகளில் புரொஜெக்டரோடு வருமே, நீல நிற முனை வைத்த கேபிள், அதுதான் விஜிஏ. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் பழசான சில்லுக்கு இதை எழுதித்தர ஏ.எம்.டி.க்கு வியாபாரக் காரணம் எதுவும் இல்லை. வால்வ் நிறுவனத்துக்காகப் பணியாற்றும் டிமூர் கிரிஸ்டோஃப் என்பவர் 2025-இல் வெளியிலிருந்து வந்து அதை எழுதிச் சேர்த்தார். லினக்ஸ் 6.19 முதல் அந்தத் தலைமுறைக் கார்டுகள் புதிய டிரைவரிலேயே ஓடுகின்றன. 2016-இல் இருந்த அந்த மூடிய அடுக்கு அப்படியே உள்ளே போயிருந்தால் வெளியாள் ஒருவர் இதைச் செய்திருக்க முடியுமா? மிகவும் கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது எல்லாரும் சொல்வது: ‘ஓடுகிறதைத் தொடாதே.’ துப்புரவு செய்கிறேன் என்று கை வைத்து, நேற்றுவரை ஓடியதைக் கெடுத்துவிடுகிறார்கள் என்ற புகார் உண்மையானது. டிரைவரில் இது மற்ற இடங்களைவிட அதிகம் நடக்கும். ஏனென்றால் நிரலைத் திருத்துகிறவர் மேசையில் ஐந்து சில்லு இருந்தால், உலகத்தில் ஐந்நூறு வகைக் கணினி இருக்கிறது. இதற்கு விடை, தொடாமல் இருப்பது அல்ல. சின்னச் சின்னதாகத் தொடுவது. ஒரு கெர்னல் பதிப்பில் பதின்மூன்று, பதினான்காயிரம் மாற்றங்கள் சேர்கின்றன. பழைய பதிப்பில் திரை நன்றாக இருந்தது, புதியதில் மினுக்குகிறது என்றால் எந்த மாற்றம் காரணம்? கிட் என்னும் கருவி அந்த வரிசையை நடுவில் பிளந்து ஒரு கெர்னலைக் கட்டச் சொல்லும். மினுக்குகிறதா என்று பார்த்துச் சொன்னால், எந்தப் பாதியில் தப்பு என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மறுபடி பிளக்கும். பதினான்கு முறை கட்டி, பதினான்கு முறை பார்த்தால் பதினாறாயிரம் மாற்றங்களில் குற்றவாளியான ஒன்றைப் பிடித்துவிடலாம். இதைச் செய்ய கிராபிக்ஸ் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கணினி வைத்திருப்பவரே செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மாற்றமும் ஒரே ஒரு காரியத்தைச் செய்வதாகவும், தனித்து நின்றாலும் கட்டப்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முப்பதாயிரம் வரியை மொத்தமாகக் கொட்டியிருந்தால், பதினான்காவது முறையில் நம் கைக்கு வருவது அந்த முப்பதாயிரம் வரி மூட்டைதான். ஒழுங்காகச் செய்த துப்புரவு பிழையைக் கொண்டுவந்தாலும், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. தொடாமல் விட்ட நிரலுக்கு அந்த வழி கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் தொடாமல் விட்டாலும் அது ஒரு நாள் உடையத்தான் போகிறது. அன்றைக்கு அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. துப்புரவு என்ற பெயரில் பழைய கணினிகளைத்தானே முதலில் கழற்றிவிடுகிறார்கள், ஏழைக்காகப் பேசுகிற நீங்கள் இதை எப்படி ஆதரிக்கிறீர்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2023-இல் வந்த லினக்ஸ் 6.3-இல் 1990-களின் கடைசியிலும் 2000-த்தை ஒட்டியும் வந்த ஏழு பழைய முப்பரிமாண டிரைவர்களை ஒரேயடியாக நீக்கினார்கள். மேசாவிலும் 2022-இல் ‘கிளாசிக்’ என்று அழைக்கப்பட்ட பழைய அமைப்பு முழுவதும் வெளியேற்றப்பட்டது. அதில் ஐ965 என்ற இன்டெல் டிரைவரும் போனது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய ஆண்டுகளில் சந்தைக்கு வந்த சாண்டிபிரிட்ஜ், ஐவிபிரிட்ஜ் தலைமுறைச் சில்லுகளை ஓட்டிக்கொண்டிருந்தது அந்த டிரைவர்தான். அப்படியானால் அந்தக் கணினிகள் செத்துப்போயினவா? இல்லை. மேசாவில் 2008 முதலே கேலியம் என்ற பொது அமைப்பு வளர்ந்து வந்தது. எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான வேலையை அது ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். டிரைவர் எழுதுகிறவர் தன் சில்லுக்கே உரியதை மட்டும் எழுதினால் போதும். இன்டெல் தன் புதிய சில்லுகளுக்கு ஐரிஸ் என்ற டிரைவரை அதில் எழுதியிருந்தது. பழைய சில்லுகளுக்கு எழுத அந்த நிறுவனம் முன்வரவில்லை. சற்று முன் சொன்ன அதே டேவ் ஏர்லி ஐரிஸைப் பார்த்து, குரோகஸ் என்ற டிரைவரை 2021-இல் எழுதிச் சேர்த்தார். 2006 முதல் 2013 வரை வந்த இன்டெல் சில்லுகள் இன்று அதில்தான் ஓடுகின்றன. பொதுப்பகுதி துப்புரவாக இருந்ததால்தான் நிறுவனம் கைவிட்ட சில்லுகளை வெளியிலிருந்து ஒருவர் மீட்டெடுக்க முடிந்தது. இன்னும் பழைய சில்லு வைத்திருப்பவர்களுக்காக ‘ஆம்பர்’ என்ற தனிக் கிளையையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே செத்துப்போனவை எவை என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். 2008-ஐ ஒட்டி வந்த ஆட்டம் பிராசஸர் கொண்ட சில சின்னக் கணினிகளில் இன்டெல் தன் சொந்தக் கிராபிக்ஸ் சில்லுக்குப் பதில் இமாஜினேஷன் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய பவர்விஆர் சில்லைப் போட்டது. அதற்கான முப்பரிமாண டிரைவரின் மூலநிரல் வெளியே வரவில்லை. கெர்னல் நிரலாளர் ஆலன் காக்ஸ் 2011-இல் பெரும்பாடுபட்டு, திரையில் படமாவது ஒழுங்காக வரட்டும் என்று ஓர் இருபரிமாண டிரைவர் எழுதிக்கொடுத்தார். அதற்கு மேல் போக வழியில்லை. விலை குறைவு என்பதற்காக அந்தக் கணினியை வாங்கியவர்கள், வீடியோ பார்க்கவே திணறும் பெட்டியோடு நின்றார்கள். பழைய சில்லு என்பதற்காக அவை கழற்றிவிடப்படவில்லை. அவற்றைவிடப் பழைய, 2002-இல் வந்த ரேடியான் சில்லுகளின் டிரைவரைத் தன்னார்வலர்கள் இன்றும் சீர்செய்துகொண்டிருக்கிறார்கள். மூலநிரல் கையில் இருந்ததும், படித்தால் புரிகிறபடி அது இருந்ததும்தான் வேறுபாடு.

மூன்றாவதாக, இந்த ஊர்ப் பெற்றோர் மனத்தில் இருக்கக்கூடிய கேள்வி. ‘கோடிகோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு எங்க புள்ள ஏன் சும்மா வேலை செய்யணும்?’ இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இன்டெலும் ஏ.எம்.டி.யும் சம்பளம் கொடுத்துப் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. அந்த வேலையின் கணிசமான பங்கு பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நடக்கிறது. விற்பனையில் இருக்கிற சில்லுக்கு அவர்கள் செய்யட்டும். விற்பனை முடிந்துபோன, ஆனால் நம் அலமாரியில் இன்னும் இருக்கிற சில்லுக்கு அவர்கள் செய்ய மாட்டார்கள். அது நம் சொத்து, அதன் பராமரிப்பு நம் வேலை. தவிரவும், இந்த வேலைக்கு முற்றிலும் பணமில்லை என்பதும் சரியல்ல. எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை மாணவர்களுக்கென உதவித்தொகை கொடுத்து இத்தகைய வேலைகளைச் செய்விக்கிறது. கூகுளின் கோடைக்கால நிரல் திட்டமும் அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமும் உதவித்தொகை தருகின்றன. ஒரு சில்லிலிருந்து இன்னொரு சாதனத்துக்குப் படத்தைப் பிரதியெடுக்காமலே பகிர்ந்துகொள்ள உதவும் டிஎம்ஏ-பஃப் என்ற ஏற்பாடு 2012-இல் கெர்னலுக்குள் வந்தது. அதை எழுதி, இன்றுவரை பராமரிப்பவர்களில் ஒருவரான சுமித் செம்வால் இந்தியர். கேமரா முதல் திரை வரை பல சாதனங்களை ஆண்ட்ராய்டு போன்களில் இணைப்பது அந்த ஏற்பாடுதான். பொது நிரலில் ஒருவர் செய்த வேலை பொதுவில் இருக்கிறது. வேலைக்கு எடுக்கிறவர், சான்றிதழைக் கேட்பதற்கு முன் அதைப் படித்துப் பார்க்க முடியும்.

தொடங்க எது வேண்டும்? விலையுயர்ந்த கார்டு வேண்டியதில்லை. டி.ஆர்.எம். பகுதியின் ஆவணங்களுக்குள்ளேயே செய்யவேண்டிய துப்புரவு வேலைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. தொடக்க நிலை, நடுநிலை, உயர்நிலை என்று ஒவ்வொன்றுக்கும் நிலை குறித்து, யாரைக் கேட்கலாம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய முறையில் பிழைச்செய்தி அச்சிடும் வரிகளை, எந்தச் சாதனத்தின் செய்தி என்று காட்டுகிற புதிய முறைக்கு மாற்றுவது போன்ற வேலைகள் அதில் உண்டு. சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு டிரைவரை முதலிலிருந்து கடைசிவரை படிக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சோதித்துப் பார்க்க விகேஎம்எஸ் என்ற கற்பனைச் சாதனம் இருக்கிறது. சில்லே இல்லாமல், திரையே இல்லாமல், ஒரு கிராபிக்ஸ் சாதனம் இருப்பதுபோல் கெர்னலுக்குள் நடிக்கும் டிரைவர் அது. 2018-இல் அதைக் கட்டியெழுப்பியவர்கள் ஹனீன் முகமதும் ரோட்ரிகோ சிகேராவும். இருவருமே அப்போது பயிற்சித் திட்டங்களின் வழியாக வந்தவர்கள். பத்து வருஷத்து மடிக்கணினியிலும் அது ஓடும். தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றி 2012 முதல் எழுதிவரும் கணியம் இதழ் போன்றவை இருப்பதால், அடிப்படைகளைத் தமிழிலேயே கற்றுக்கொள்ளவும் முடியும். மாற்றத்தை அனுப்பும்போது எழுதுகிற விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். என்ன தவறு, ஏன் நடக்கிறது, இந்த மாற்றம் அதை எப்படித் தீர்க்கிறது என்று நான்கைந்து வரி. அலங்கார ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மாணவர்களிடம் மட்டும் கேட்டு, அரசிடம் கேட்காமல் விட்டால் என் பேச்சு முழுமையாகாது. 2011-இல் கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது அது. அதன் டிரைவரும் நான் இவ்வளவு நேரம் பேசிய அதே கெர்னலும் மேசாவும்தான். 2025 மார்ச்சில் வந்த தமிழக நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்க 2,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். இவ்வளவு வாங்குகிறபோது ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்க்க, தமிழக அரசு நிறுவனமான எல்காட்டுக்கு முழு உரிமை உண்டு: பெட்டிக்குள் இருக்கிற கிராபிக்ஸ் சில்லுக்குப் பொதுக் கெர்னலிலும் மேசாவிலும் ஏற்கெனவே டிரைவர் சேர்ந்திருக்க வேண்டும், தனியாகக் கொடுக்கும் மூடிய டிரைவர் கணக்கில் வராது. நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிற அதே பக்கத்தில் இதையும் கேட்கலாம். இதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை. இன்று சந்தையில் இருக்கிற பெரும்பாலான இன்டெல், ஏ.எம்.டி. மடிக்கணினிகள் இந்த நிபந்தனையில் தேறிவிடும். தேறாத ஒன்றிரண்டு எவை என்று வாங்கிய பிறகு மாணவர் வீட்டில் தெரிவதைவிட, ஒப்பந்தப்புள்ளியைத் திறக்கும் மேசையிலேயே தெரிந்துவிடுவது நல்லது.